புடிச்ச படிப்பா, வேலை கிடைக்கிற படிப்பா? ப்ளஸ் டூ முடிச்சவங்க எப்படி முடிவெடுக்கறது

ரிசல்ட் வந்த சாயங்காலமே வீட்டுல எல்லாரும் கல்வி ஆலோசகர் ஆயிடுவாங்க. பெரியப்பா போன் போட்டு கண்ண மூடிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் போடும்பாரு, அரை மணி நேரத்துல மாமா கூப்ட்டு கம்ப்யூட்டர்லாம் போச்சு இனிமே ஏஐ தான், மெக்கானிக்கல், சிவில் மாதிரி கோர் பிராஞ்ச் எடுக்கச் சொல்லுங்கம்பாரு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி அவங்க பையன் பி.காம் முடிச்சுட்டு பேங்க்ல இருக்கான்னு சொல்லிட்டுப் போவாங்க, இதுக்கெல்லாம் நடுவுல படிக்கப்போற ஆளு மட்டும் வாயத் தொறக்காம ஃபோன நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கும். தனியா கூப்ட்டு கேட்டா "எனக்கு ஹிஸ்டரி புடிக்கும், ஆனா ஸ்கோப் இல்லன்னு சொல்றாங்க" அப்டின்னு வரும்.

மே, ஜூன் மாசத்துல எனக்கு வர்ற போன்ல பாதி இதான். சொந்தக்காரப் பசங்க, ஃப்ரெண்டோட தங்கச்சி, கூட வேலை பாக்கறவரோட பையன்னு ஆள் மாறும், கேள்வி மாறாது. அதான் திருப்பித் திருப்பி சொல்றத ஒரே எடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். தமிழ்நாட்டுல ப்ளஸ் டூ முடிச்சு இங்கயே காலேஜ் தேடறவங்கள மனசுல வெச்சு எழுதறேன்.

"புடிச்சத படி", "சோறு போடறத படி" ரெண்டுல எது சரின்னு பொதுவா கேட்டா அதுக்கு பதிலே கிடையாது. முதல்ல கேக்க வேண்டியது வேற. நீங்க போக நினைக்கற வேலைக்கு இந்த டிகிரி இல்லாம போகவே முடியாதா, இல்ல ஏதோ ஒரு டிகிரி கையில இருந்தா போதுமா? இது தெரிஞ்சுட்டா வீட்டுல பாதி சண்டை தானா அடங்கிடும்.

டிகிரியே லைசென்ஸா இருக்கற படிப்பு

டாக்டர், கால்நடை டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட், வக்கீல், ஆர்க்கிடெக்ட், இவங்க எல்லாருக்கும் ஒரு கவுன்சில் இருக்கு, அதுல பதிவு பண்ணாம தொழில் பண்ண முடியாது, அந்தப் படிப்பு இல்லாம பதிவு கிடைக்காது. வேளாண்மைத் துறையில அக்ரி ஆபீசர் ஆகணும்னா பி.எஸ்சி அக்ரி வேணும், அரசு டிபார்ட்மென்ட்ல அசிஸ்டென்ட் இன்ஜினியர் ஆகணும்னா அந்தந்த பிராஞ்ச்ல பி.இ வேணும். இந்த மாதிரி வேலை மேல உங்களுக்கு ஆசை இருந்தா சுத்தி வர்ற வழி கிடையாது, இப்பவே அந்தப் படிப்புல சேரணும். அப்படி ஆசை இல்லாம "அதுல நல்ல வருமானம்"னு மட்டும் சேரப் போறீங்கன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க, ஏன்னா லைசென்ஸ் படிப்பு வேற எதுக்கும் பெருசா உதவாது, எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப்போட சேத்து அஞ்சரை வருஷம், பி.ஆர்க் அஞ்சு வருஷம், நடுவுல வெளிய வந்தா கையில எதுவும் இருக்காது.

வக்கீல் படிப்புக்கு மட்டும் ரெண்டு வாசல். ப்ளஸ் டூ முடிச்சதும் அஞ்சு வருஷம் படிக்கலாம், இல்ல ஏதாவது ஒரு டிகிரி முடிச்சுட்டு மூணு வருஷம் படிக்கலாம். 17 வயசுல வக்கீல் ஆகணுமா வேணாமான்னு குழப்பமா இருக்கறவங்க முதல்ல புடிச்ச ஒரு பி.ஏ முடிச்சுட்டு அப்புறம் வந்தா கூடுதலா செலவாகறது ஒரு வருஷம்தான்.

அடுத்தது, இதுக்கு நேர் எதிர்ப்பக்கம். சிவில் சர்வீஸ், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2, பேங்க் பிஓ, எஸ்எஸ்சி சிஜிஎல்ல பெரும்பாலான போஸ்ட், எம்பிஏ, இதுக்கெல்லாம் எனி டிகிரி போதும். குரூப் 4க்கு பத்தாவதே போதும். கலெக்டர் ஆகணும்னு சொல்ற பையன அதுக்கு முன்னாடி ஒரு பி.இ முடிச்சுடு சேஃபா இருக்கும்னு நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிக்க வெக்கறது நம்ம ஊரு வழக்கம். அவனுக்கு தெர்மோடைனமிக்ஸ் புடிச்சிருந்தா சரி. இல்லன்னா மூணே வருஷத்துல பி.ஏ ஹிஸ்டரியோ ஜியாக்ரஃபியோ முடிச்சுட்டு படிச்ச பாடத்தையே யூபிஎஸ்சில ஆப்ஷனலா எடுத்துட்டு போயிருப்பான். தமிழ் இலக்கியமும் அங்க ஆப்ஷனல் லிஸ்ட்ல இருக்கு, பி.ஏ தமிழ் படிச்சா என்ன ஆகப்போறன்னு கேக்கற சித்தப்பாகிட்ட இத சொல்லுங்க.

நடுவுல ஒரு மூணாவது கூட்டம் இருக்கு, அங்கதான் நெறய பேரு ஏமாந்து போறாங்க. டிகிரி பேரு வேலை பேரு மாதிரியே இருக்கும், ஆனா அந்த டிகிரி மட்டும் வெச்சு அந்த வேலைக்குப் போக முடியாது. பி.எஸ்சி சைக்காலஜி முடிச்சதும் கிளினிக் போட முடியாது, மேல படிச்சு ஆர்சிஐங்கற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வாங்கணும். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் மாஸ்டர்ஸ், பிஎச்டின்னு போனாத்தான் ரிசர்ச் பக்கம் கதவு ஒழுங்கா தொறக்கும். இதுல பெரிய கூத்து ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங். பைலட் ஆகலாம்னு நெனச்சு சேர்றவங்க இன்னும் இருக்காங்க. பைலட்டுக்கு வேண்டியது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதுக்கு ப்ளஸ் டூல ஃபிசிக்ஸ், மேத்ஸ், மெடிக்கல் ஃபிட்னஸ், 200 மணி நேரம் பறந்த கணக்கு, பரீட்சை, அவ்ளோதான். பி.இ அதுல எங்கயும் வராது. ஏரோநாட்டிகல்னா விமானத்த டிசைன் பண்ற படிப்பு, ஓட்டற படிப்பு இல்ல. கப்பலுக்குப் போகணும்னா அதுவும் தனி ரூட்டு, இந்தியன் மாரிடைம் யுனிவர்சிட்டியோட நுழைவுத் தேர்வு எழுதணும், அதோட தலைமை எடமே நம்ம சென்னைலதான் இருக்கு.

புடிக்கும்னா அதுல என்ன புடிக்கும்?

நிதானமா உக்காந்து யோசிக்க வேண்டிய எடம் இது. ஸ்கூல்ல ஒரு வாத்தியார் நல்லா நடத்தியிருப்பாரு, அதனால அந்த சப்ஜெக்ட் புடிச்சிருக்கும். இல்ல அந்த சப்ஜெக்ட்ல மார்க் வந்திருக்கும். இல்ல யூட்யூப்ல அது சம்பந்தமா வீடியோ பாக்கப் புடிக்கும். இதெல்லாம் புடிச்சா மூணு வருஷம் அதையே படிக்கப் புடிக்கும்னு அர்த்தம் இல்ல. இதுக்கு ஒரு வழிதான் இருக்கு, சிலபஸ எடுத்துப் பாக்கணும். எல்லா காலேஜும், யுனிவர்சிட்டியும் சிலபஸ் பிடிஎஃப் வெப்சைட்ல போட்டிருக்கும், யாரும் தொறந்து பாக்கறது கிடையாது.

எதிர் வீட்டுப் பொண்ணு ஒண்ணு சைக்காலஜிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. ஏன்மான்னு கேட்டா கிளாஸ்ல எல்லாரும் அவகிட்டதான் வந்து கஷ்டத்த சொல்வாங்களாம், அவ பொறுமையா கேப்பாளாம். சரி, சிலபஸ எடுன்னு சொன்னேன். வாசப்படில உக்காந்து அவ ஃபோன்லயே எடுத்தோம். முதல் வருஷத்துலயே மூளை, நரம்பு மண்டலம், நியூரான் எப்படி சிக்னல் அனுப்புதுன்னு ஒரு பேப்பர். கீழ தள்ளினா ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், கோரிலேஷன். அதுக்குக் கீழ எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி, அதுக்கு லேப் ரெக்கார்டு வேற. ஸ்க்ரோல் பண்ணப் பண்ண அவ முகம் சுருங்கிப்போச்சு, "அண்ணா, இதுல கணக்கு வருதே"ன்னா. அடுத்தவங்க கஷ்டத்த கேக்கறது பத்தி இருந்தது கடைசி வருஷத்துல கவுன்சலிங்னு ஒரே ஒரு பேப்பர்தான். கொஞ்ச நாள் யோசிச்சா. அப்புறமும் அதையேதான் எடுத்தா, ஏன்னா பயாலஜில நரம்பு மண்டலம் அவளுக்கு ஏற்கனவே புடிச்ச பாடமாம், கணக்க பாத்துக்கலாம்னுட்டா. இப்ப அவ சேந்திருக்கறது தெரிஞ்சே சேந்தது.

இதே மாதிரி மத்ததையும் பாருங்க. பி.ஏ இங்கிலீஷ்னா நாவல் படிக்கறது மட்டும் இல்ல, ஃபொனெடிக்ஸ் வரும், லிட்ரரி கிரிட்டிசிசம் வரும், சில நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல கவிதை வரும். பி.ஏ தமிழ்னா நன்னூல், யாப்பருங்கலக்காரிகை, தண்டியலங்காரம், தொல்காப்பியம்னு இலக்கணமே பெரிய பாகம், கவிதை எழுதற ஆசைல மட்டும் வர்றவங்க அங்கதான் முழிப்பாங்க, இலக்கணத்துல ருசி கண்டவங்க அங்கதான் சொக்கிப்போவாங்க. எகனாமிக்ஸ்ல மேத்ஸும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் வந்தே தீரும். கம்ப்யூட்டர் சயின்ஸ்னா கேம் விளையாடறதுக்கும் ஃபோன் ரிப்பேர் பண்றதுக்கும் சம்பந்தம் கிடையாது, டிஸ்க்ரீட் மேத்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூடேஷன், கம்பைலர்னு போகும். எந்த பிராஞ்ச் எடுத்தாலும் இன்ஜினியரிங்ல கணக்கு பேப்பர் துரத்திக்கிட்டே வரும், எம் ஒன், எம் டூன்னு சீனியர்ஸ் சொல்றத கேட்டிருப்பீங்க, ப்ளஸ் டூல கணக்குன்னா காய்ச்சல் வர்ற ஆளு அதுல அரியர் வெச்சு கடைசி வருஷம் வரைக்கும் இழுத்துட்டு திரியறத நெறய பாத்தாச்சு.

சிலபஸ்ல ஒரு அஞ்சாறு தலைப்ப எடுத்து யூட்யூப்லயோ, ஐஐடிங்க சேந்து நடத்தற ஆன்லைன் பாடத் தளம் என்பிடெல்லயோ அதோட லெக்சர் வீடியோ போட்டுப் பாருங்க. என்பிடெல் ஃப்ரீதான், ஐஐடி புரொஃபசர் கரும்பலகைல எழுதி நடத்தற பழைய வீடியோ கூட இருக்கும். பத்து நிமிஷத்துல தூக்கம் வருதா, இல்ல புரியலன்னாலும் அடுத்தது என்னன்னு பாக்கத் தோணுதா? புரியணும்னு அவசியம் இல்ல. அடுத்தது பாக்கத் தோணுதாங்கறதுதான் கேள்வி.

எதுவுமே புடிக்கலன்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பாதிப் பேரு அப்படித்தான், 17 வயசுல அது குத்தம் இல்ல. அவங்க "எது புடிக்கும்"ன்ற கேள்விய விட்டுட்டு "எத என்னால உக்காந்து படிக்க முடியும், எத பாத்தா ஓடத் தோணும்"னு கேட்டுக்கிட்டா போதும். ஓடத் தோணறத அடிச்சுட்டா லிஸ்ட் தானா சின்னதாயிடும்.

ஸ்கோப்பு ஸ்கோப்புங்கறாங்களே

ஸ்கோப்னு நம்ம சொந்தக்காரங்க சொல்றது இன்னிக்கு நெலமை. நீங்க வேலை தேடப்போறது மூணு நாலு வருஷம் கழிச்சு. 2004ல எல்லாரும் சொன்னாங்கன்னு இன்ஜினியரிங் சேந்த பசங்க 2008ல வெளிய வந்தப்ப உலகம் பூரா பொருளாதார நெருக்கடி, ஆஃபர் லெட்டர் கையில வெச்சுட்டு ஜாயினிங் தேதிக்கு மாசக்கணக்குல காத்திருந்தாங்க. அப்புறம் மெக்கானிக்கலும் சிவிலும் ராஜா மாதிரி இருந்த காலம் வந்துச்சு, இப்ப கவுன்சலிங்ல அதே பிராஞ்ச்ல எத்தனையோ காலேஜ்ல சீட்டு காத்து வாங்குது. 2018ல சேந்து 2022ல முடிச்சவங்களுக்கு ஐடி கம்பெனி கூப்ட்டு கூப்ட்டு வேலை குடுத்துச்சு, அதே பிராஞ்ச், அதே காலேஜ், ரெண்டு வருஷம் பின்னாடி வந்த செட்டு 2024ல அல்லாடிச்சு. இதுல யாரு புத்திசாலி, யாரு முட்டாள்? ஒருத்தரும் இல்ல.

இன்னொண்ணும் கவனிங்க. ஒரு படிப்புக்கு கிராக்கின்னு தெரிஞ்ச உடனே காலேஜும் அந்த சீட்டத்தான் ஏத்தும். ஒரு பிராஞ்ச்ல இவ்ளோதான் சீட்டு வெக்கலாம்னு இருந்த உச்சவரம்ப 2024-25லேருந்து நல்லா நடக்கற காலேஜுக்கு, தொழில்நுட்பக் கல்விய கவனிக்கற ஏஐசிடிஇ கவுன்சில் எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்னு செக்‌ஷன் செக்‌ஷனா தொறந்துக்கிட்டே போறாங்க. அத்தன பேரும் ஒண்ணா வெளிய வருவாங்கங்கறத மாமா போன்ல சொல்ல மாட்டாரு.

அதுக்காக ஸ்கோப்ப பாக்கவே வேணாம்னு சொல்லல. பாக்கற விதம் வேற. அந்த டிகிரி எத்தனை கதவ தொறக்குதுன்னு பாருங்க. பி.எஸ்சி மேத்ஸ எடுத்துக்கங்க, வெளிய அதுக்கு மவுசு கிடையாது, ஆனா அதுலேருந்து எம்சிஏ போகலாம், ஐஐடி ஜாம் எழுதி ஐஐடில எம்.எஸ்சி போகலாம், பி.எட் முடிச்சு வாத்தியாரா போகலாம், டேட்டா வேலைக்குப் போகலாம், பேங்க் பரீட்சைல குவான்ட்ஸ்ங்கற கணக்கு பாகத்துல மத்தவங்க திணறும்போது நீங்க முடிச்சுட்டு திரும்பிப் பாக்கலாம். கணக்குல நெஜமாவே பைத்தியமா இருக்கறவங்களுக்கு சிறுசேரில சென்னை மேதமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் இருக்கு, தனி நுழைவுத் தேர்வு, நம்ம ஊருலயே இருந்தும் நம்ம ஊரு பசங்க பாதிப் பேருக்கு அது தெரியாது. பி.காமும் இதே மாதிரி பல கதவு படிப்புதான், அதோட சிஏ ஃபவுண்டேஷன சேத்து எழுதறவங்க இருக்காங்க, ஆடிட்டர்கிட்ட ட்ரெய்னிங் எடுக்கற ஆர்ட்டிகிள்ஷிப்ப 2023லேருந்து ரெண்டு வருஷமா கொறச்சிருக்காங்க, ஆனா சிஏவ சும்மா எழுதிப் பாப்போம்னு எறங்காதீங்க, அது வருஷக்கணக்குல ஆள உக்கார வெச்சுடும்.

நேர் எதிரா ரொம்ப குறுகலான பேரு வெச்ச டிகிரி சிலது இருக்கு, புதுசா மார்க்கெட்டுக்கு வந்தது, பேரு மட்டும் அரை முழம் நீளம். அதுல ரெண்டு மடங்கு ஜாக்கிரதை வேணும், ஏன்னு கீழ சொல்றேன்.

புடிக்கறதுக்கும் வேலைக்கும் ஒரு எடத்துல நேரடி முடிச்சு இருக்கு. கேம்பஸுக்கு வர்ற பெரிய கம்பெனிங்க எந்த பிராஞ்ச்னு பல சமயம் பாக்கறதே இல்ல, மெக்கானிக்கல், இசிஇ, சிவில், பி.எஸ்சி வரைக்கும் எடுப்பாங்க, அவங்க வடிகட்டறது வேற விதமா: 60 சதவீதம் இருக்கா, ஸ்டாண்டிங் அரியர் இல்லாம இருக்கா. புடிக்காத படிப்புல சேந்தவன் மொதல்ல அடி வாங்கறதே இங்கதான். ஸ்கோப் இருக்கற பிராஞ்ச்ல எட்டு அரியரோட நிக்கறவனுக்கு ஹால் வாசல்லயே கதவு மூடிடும், ஸ்கோப் இல்லாத பிராஞ்ச்ல எட்டுக்கு மேல சிஜிபிஏ வெச்சிருக்கறவன் உள்ள போய் ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுதிக்கிட்டு இருப்பான்.

ஒரு பேப்பர் எடுத்து காசு கணக்கு போடுங்க

"புடிச்சத படிக்கறது ரிஸ்க்"னு சொல்றாங்க இல்ல, எவ்ளோ காசுக்கு ரிஸ்க்குன்னு யாரும் கேக்கறதில்ல. அரசு கலைக் கல்லூரில பி.ஏ, பி.எஸ்சிக்கு வருஷத்துக்கு சில ஆயிரம் ரூபாதான் ஆகும். அரசுப் பள்ளில 6லேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1000 ரூபா அரசே குடுக்குது. அங்க ஹிஸ்டரி எடுத்து ஒருவேளை சரியா வரலன்னாலும் போறது மூணு வருஷம், கடன் கிடையாது, எனி டிகிரி கேக்கற அத்தன பரீட்சையும் தொறந்தே இருக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்க. மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு, அஞ்சு லட்சம் எஜுகேஷன் லோன்னு வெச்சுக்கங்க. பத்து சதவீத வட்டி, ஏழு வருஷம் கட்டினா மாசம் 8300 ரூபா சுமாருக்கு வரும், படிக்கற காலத்துல ஏறற வட்டி தனி. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட ஆரம்பிக்க டைம் குடுப்பாங்க, அதுக்கு மேல வேலை கிடைச்சுதா இல்லயான்னு பேங்க் கேக்காது. பெரிய கம்பெனிங்க ஃப்ரெஷருக்கு குடுக்கற சம்பளம் வருஷத்துக்கு மூணு மூணரை லட்சம் சுத்துல, புடிப்பு போக கைக்கு இருபத்தஞ்சாயிரம் பக்கம். அதுல சென்னைல ரூம் வாடகை, மெஸ், பஸ், இந்த தவணை. டொனேஷனுக்கு லோன் கிடையாது, அது அம்மா நகைலேருந்துதான் வரும். இவ்ளோ செலவு பண்ணி, பையனுக்கு கோடிங்னா அலர்ஜியும்னா, என் கணக்குப்படி ரிஸ்க்கு இங்கதான் இருக்கு.

வீட்டுல உடனே சம்பளம் வேணும்ங்கற நெலமை இருந்தா அதையும் மூடி மறைக்காம கணக்குல சேருங்க. அப்படி இருக்கற பிள்ளைங்க மூணு வருஷத்துல முடியற படிப்பா, பார்ட் டைம் வேலைக்கு எடம் குடுக்கற ஷிஃப்டா பாத்து எடுக்கறது தப்பே இல்ல. எச்சிஎல்லோட டெக்பீ மாதிரி ப்ளஸ் டூ முடிச்சதும் வேலைக்கு எடுத்து கூடவே படிக்க வெக்கற திட்டமும் இருக்கு, பி.எஸ்சி, பிசிஏ முடிச்சவங்கள எடுத்து எம்.டெக் படிக்க வெக்கற விப்ரோ திட்டமும் இருக்கு. பாண்டு எத்தனை வருஷம், நடுவுல வெளிய வந்தா எவ்ளோ கட்டணும்னு மட்டும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க.

கூடவே இன்னொண்ணு. ரெண்டு டிகிரி ஒரே நேரத்துல படிக்கலாம்னு 2022ல யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அனுமதி குடுத்துட்டாங்க. ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் சில வருஷமா நடக்குது, ஜேஇஇ வேணாம், பத்தாவதுல மேத்ஸும் இங்கிலீஷும் இருந்தா ப்ளஸ் டூல எந்த குரூப்பா இருந்தாலும் குவாலிஃபயர் எழுதி உள்ள போகலாம். காலேஜ்ல பி.ஏ, ராத்திரில இது. சொல்றதுக்கு ஈஸியா இருக்கு, உயிர எடுத்துடும், வாராவாரம் அசைன்மென்ட். ஆனா "புடிச்சதா, வேலையா"ன்னு ஒத்தையில நிக்க வேண்டிய கட்டாயம் முன்ன மாதிரி இப்ப இல்ல.

அரசு வேலை ஆசை இருந்தா இத கட்டாயம் படிங்க

மேல அரை முழ பேரு சொன்னேன் இல்ல, அது இங்கதான் வந்து கடிக்கும். அரசு வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கற டிஆர்பிலயோ, டிஎன்பிஎஸ்சிலயோ பி.எஸ்சி மேத்ஸ்னு கேட்டா பி.எஸ்சி மேத்ஸ்தான் பாப்பாங்க. "மேத்ஸ் வித் ஏதோ ஒண்ணு"ன்னு உங்க சர்டிஃபிகேட்ல இருந்தா அது மேத்ஸுக்கு சமம்னு அரசாணை இருக்கணும். ஈக்விவலன்ஸ்னு சொல்றது இதத்தான். பரீட்சைல பாஸ் ஆகி, சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல போய் உக்காந்து, உங்க டிகிரி சமம் இல்லன்னு திருப்பி அனுப்பறது வருஷா வருஷம் நடக்குது. சேர்றதுக்கு முன்னாடியே காலேஜ் ஆபீஸ்ல இந்த கோர்ஸுக்கு ஈக்விவலன்ஸ் ஜிஓ இருக்கா, நம்பர் என்னன்னு கேளுங்க. "அதெல்லாம் வாங்கிடலாம்மா"ன்னு பதில் வந்தா வாங்கலன்னு அர்த்தம்.

ரெண்டாவது, பிஎஸ்டிஎம். தமிழ் வழில படிச்சவங்களுக்கு அரசு வேலைல 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. 2020ல சட்டத்த திருத்தினதுக்கப்புறம் டிகிரி தகுதி கேக்கற வேலைக்கு, ஸ்கூல்லேருந்து டிகிரி வரைக்கும் எல்லாமே தமிழ் வழியா இருந்தாத்தான் அது கிடைக்கும். ஒண்ணாவதுலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு, கெளரவத்துக்காக இங்கிலீஷ் மீடியம் பி.ஏ எடுத்தா குரூப் 1, குரூப் 2ல அந்த ஒதுக்கீடு போச்சு. பி.ஏ ஹிஸ்டரி, எகனாமிக்ஸ் எல்லாம் பல அரசுக் கல்லூரில தமிழ் வழில இருக்கு. குரூப் 1 எழுதணும்னு இருக்கற கிராமத்துப் பிள்ளைங்ககிட்ட இத யாராவது மொதல்லயே சொல்லணும்.

ஸ்கூல் வாத்தியாரா ஆகணும்னா ஸ்கூல்ல இருக்கற பாடத்துலதான் டிகிரி வேணும், அதுக்கு மேல பி.எட். விஷுவல் கம்யூனிகேஷன் முடிச்சுட்டு அந்தப் பக்கம் போக முடியாது. ஆர்ட்ஸ் பக்கம் ஆசை இருக்கறவங்களுக்கு எழும்பூர்லயும் கும்பகோணத்துலயும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு, எழும்பூர் காலேஜ் 1850லேருந்து இருக்கு. சினிமாவுக்கு தரமணில எம்ஜிஆர் பேர்ல அரசு இன்ஸ்டிட்யூட். லட்சக்கணக்குல குடுத்து தனியார்ல சேர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு அப்ளிகேஷன் போட்டுட்டு வாங்க.

சாய்ஸ் ஃபில்லிங்ல பண்ற கூத்து

இன்ஜினியரிங் கவுன்சலிங் 2018லேருந்து ஆன்லைன். கணக்கு 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு கட் ஆஃப். எந்த காலேஜ், எந்த பிராஞ்ச் வேணும்னு வரிசையா லிஸ்ட் போடறதுதான் சாய்ஸ் ஃபில்லிங், அதுக்கு பிரவுசிங் சென்டர் போனா அங்க இருக்கற அண்ணன் "உன் கட் ஆஃபுக்கு இதெல்லாம் வராதுப்பா"ன்னு புடிச்சதயெல்லாம் கீழ தள்ளிட்டு கிடைக்கறத மேல வெச்சுடுவாரு. தப்பு. சிஸ்டம் உங்க லிஸ்ட மேலேருந்து கீழ பாத்துட்டே வரும், உங்க ரேங்க்குக்கு எது காலியா இருக்கோ அதுல மொதல்ல வர்றத குடுத்துடும். புடிச்சத மேல வெச்சா நஷ்டமே கிடையாது, கிடைக்கலன்னா அடுத்ததுக்குப் போகும், அவ்ளோதான். கிடைக்கறத மேல வெச்சீங்கன்னா கீழ இருக்கற புடிச்சத சிஸ்டம் எட்டிக்கூட பாக்காது. போன வருஷ கட் ஆஃப் பாத்து நீளமா லிஸ்ட் போடுங்க, ஆனா ஆர்டர் உங்க ஆசைப்படி இருக்கட்டும். லாக் பண்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து ஒருக்கா சத்தமா படிச்சுப் பாருங்க, பாஸ்வேர்டயும் ஓடிபியயும் சென்டர்ல குடுத்துட்டு வராதீங்க.

காலேஜா பிராஞ்சான்னு கேப்பாங்க. எதுலயும் தனிப் புடிப்பு இல்லன்னா காலேஜ பாருங்க. ஒரு பாடத்து மேல நெஜமான புடிப்பு இருந்தா பிராஞ்ச பாருங்க, ஆனா லேபும் வாத்தியாரும் இல்லாத காலேஜ்ல எந்த பிராஞ்சும் எடுக்காதீங்க.

பிளேஸ்மென்ட் 95 சதவீதம்னு ஃப்ளெக்ஸ்ல போட்டிருந்தா மூணு கேள்வி: நீங்க சேரப்போற டிபார்ட்மென்ட்ல மட்டும் எவ்ளோ, மொத்த பேர்லயா இல்ல "எலிஜிபிள்" ஆனவங்கள்லயா, அதிகபட்ச சம்பளம் வேணாம் நடுவுல நிக்கற பையன் என்ன வாங்கினான். இதுக்கெல்லாம் ஆபீஸ விட காலேஜ் எதிர்க்க டீக்கடைல நிக்கற ஃபைனல் இயர் பசங்க ஒழுங்கா பதில் சொல்வாங்க.

வீட்டுல பேசறது

அப்பாகிட்ட போய் "இது என் பேஷன்"னு ஆரம்பிச்சீங்கன்னா அங்கயே முடிஞ்சுது. அவருக்கு பயம், அவ்ளோதான், நாலு பேரு என்ன சொல்வாங்கன்னு கொஞ்சம், நாளைக்கு இவன் என்ன பண்ணுவான்னு நெறய. அந்த பயத்துக்கு பதில் சொல்லுங்க. ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க: இந்த படிப்பு, இந்த மூணு காலேஜ், வருஷ ஃபீஸ் இவ்ளோ, முடிச்சா போகக்கூடிய எடம் இது இது, ரெண்டாவது வருஷத்துல இந்தப் பரீட்சைக்கு ஆரம்பிப்பேன், அது நடக்கலன்னா இது. இத எழுத உக்காந்தா உங்களுக்கே சில எடம் காலியா நிக்கும், அத நிரப்பிட்டு அப்புறம் போங்க. சொந்தத்துல அப்பா மதிக்கற ஆளு யாராவது இருந்தா அவர மொதல்ல உங்க பக்கம் இழுத்துடுங்க, தாய்மாமா சொன்னா கேக்கற வீடு இன்னும் இருக்கு.

பொண்ணுங்களுக்கு தனியா ஒண்ணு. "எப்படியும் கல்யாணம் பண்ணிக் குடுக்கப்போறோம், பக்கத்து காலேஜ்ல கிடைக்கறத படி"ன்னு வீட்டுல சொன்னா, பக்கத்து காலேஜ்னே இருக்கட்டும், பாடத்த மட்டும் நான் எடுக்கறேன்னு பேரம் பேசுங்க. தூரத்துக்கு ஒத்துக்கிட்டு பாடத்த வாங்கினவங்க இருக்காங்க.

நீட் ரிப்பீட் பண்றவங்க எத்தனை தடவைன்னு இப்பவே ஒரு எண்ண முடிவு பண்ணி வீட்டுலயும் சொல்லிடுங்க. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கு அப்புறமும் புதுசா முடிவு பண்ணா "இன்னும் ஒரே ஒரு தடவை" முடியவே முடியாது.

சேந்தாச்சு, புடிக்கல

மொதல் மாசம் யாருக்கும் புடிக்காது, ஹாஸ்டல் சாப்பாடு, புது ஊரு, இங்கிலீஷ்ல கிளாஸு, அத படிப்பு மேல பழி போடாதீங்க. ஒரு செமஸ்டர் போகட்டும். அதுக்கப்புறமும் எந்த பேப்பர தொறந்தாலும் வெறுப்பா இருந்தா மூணு வழி. மொத வருஷத்துலயே மாறிடறது, ஒரு வருஷம் போறது பெருசா தெரியும், நாலு வருஷம் போறதுக்கு இது எவ்வளவோ மேல். இல்ல, அரியர் விழாம பாஸ் மார்க்குக்கு மேல மட்டும் வெச்சுக்கிட்டு முடிச்சுட்டு பிஜில தடம் மாறறது, இங்கிலீஷ் எம்.ஏவுக்கும் எம்பிஏவுக்கும் லாவுக்கும் வேற டிகிரிலேருந்து வர்றவங்க எக்கச்சக்கம். இல்ல, டிபார்ட்மென்ட்ட விட்டுட்டு காலேஜ புடிச்சுக்கறது, என்எஸ்எஸ், தமிழ் மன்றம், கோடிங் கிளப், டிராமா, எங்கயாவது ஒரு எடத்துல உங்களுக்கு புடிச்ச கூட்டம் இருக்கும்.

மாறறதுன்னு முடிவு பண்ணா காலேஜ்ல ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட குடுக்க மாட்டோம், மொத்த கோர்ஸுக்கும் ஃபீஸ் கட்டுன்னு மிரட்டுவாங்க. ஒரிஜினல புடிச்சு வெச்சுக்கக் கூடாது, குறிப்பிட்ட தேதிக்குள்ள விலகினா ஃபீஸ திருப்பித் தரணும்னு யூஜிசி விதியே இருக்கு, அந்தத் தேதி வருஷா வருஷம் வெப்சைட்ல வரும். கடிதமா எழுதிக் குடுத்து காப்பில சீல் வாங்கிக்கங்க, வாய்ல பேசாதீங்க. சேர்ற அன்னிக்கே மார்க்‌ஷீட், டிசி, கம்யூனிட்டி சர்டிஃபிகேட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி டிஜிலாக்கர்லயும் மெயில்லயும் போட்டு, ஜெராக்ஸ் ஒரு அஞ்சு செட்டு எடுத்து பீரோல வெச்சுடுங்க, வெரிஃபிகேஷன் முடிஞ்சதும் ஒரிஜினல கையோட கேட்டு வாங்கிட்டு வாங்க.